பார்க்காத பாதையில் பந்தயம்: கேள்வி பதில்

மலைச்சரிவுகளில் மவுண்டன் பைக் ஓட்டும் எண்டூரோ பந்தயங்களில் சில ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காத பாதையில் போட்டியிடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: பாதையைப் பார்க்காமலே பந்தயம் என்றால் அது விளையாட்டா, தற்கொலையா?

எண்டூரோவில் ஏற்றத்தில் எடுத்த நேரம் கணக்கில் வராது. இறக்கங்களில்தான் கடிகாரம் ஓடும். ஒரே இறக்கத்தில் ஓட்டும் டவுன்ஹில் போட்டி என்றால் வீரர்கள் பாதையை நடந்தே அளந்துவிட்டு, பயிற்சி ஓட்டமும் முடித்த பிறகே களம் இறங்குவார்கள். பிரான்சில் 2009இல் தொடங்கிய டிரான்ஸ்-புரோவான்ஸ் எண்டூரோ பந்தயம் நடந்த காலத்தில் அந்தச் சலுகை இருக்கவில்லை. ஆல்ப்ஸ் மலையிலிருந்து கடலோர மாந்தோன் நகர் வரை ஆறு நாள். எல்லா இறக்கமும் புதிது. எனக்குத் தெரிந்து, மனப்பாடமான பாதையில்தான் ஆட்கள் வரம்பு மீறித் துணிகிறார்கள்.

கேள்வி: அண்ணா, அடுத்த வளைவு எப்படிப்பட்டது என்று எதை வைத்துக் கணிப்பீர்கள்?

மண்ணை வைத்துத்தான். வளைவுக்கு முன்னால் தரை வரிவரியாகக் குழிந்திருந்தால், முன்னே போனவர்கள் எல்லாரும் அங்கே பிரேக்கை இறுக்கியிருக்கிறார்கள், வளைவு கடுமையானது. அப்படிக் குழியே இல்லையென்றால் கொஞ்சம் விட்டு ஓட்டலாம். பாதை முடிந்து, அதற்கு மேல் மரங்களின் உச்சி மட்டும் தெரிகிறதா? தரை அங்கே சரேலென்று இறங்குகிறது.

டயர்த்தடம் ஒன்று வளையாமல் நேரே புதருக்குள் போயிருந்தால் காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை அப்படி ஒரு தடத்தையே வெறித்துக்கொண்டு போனேன். பைக்கும் அதே புதருக்குள் போனது! முழங்கையிலிருந்து முள் பிடுங்கவே ஒரு மாலை ஆயிற்று. கண் போகும் பக்கம்தான் சக்கரமும் போகும். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.

கேள்வி: பிரேக்கை எப்போது பிடிப்பது?

வளைவுக்கு முன்பே பிடித்து, உள்ளே நுழையும்போது விட்டுவிடுங்கள். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓரளவுதான். அதை நிறுத்துவதற்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிஞ்சாது.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

உங்கள் எடையும் டயரின் அகலமும் தெரியாமல் எண் சொல்ல மாட்டேன். பழகிய பாதைக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். எந்தக் கல் ரிம்மைப் பதம்பார்க்கும் என்று முன்கூட்டித் தெரியாதே. பக்கச்சுவர் தடித்த டயர் நல்லது; எடை கூடினால் கூடட்டும்.

கேள்வி: ஐயா, தார்ச்சாலைப் பந்தயத்திலும் இந்தச் சிக்கல் உண்டா?

உண்டு. இத்தாலியின் 2022 மிலான்-சான் ரெமோ பந்தயத்தில் ஸ்லோவேனிய வீரர் மாதேய் மொஹோரிச், இருக்கையைத் தாழ்த்தும் தண்டைப் பொருத்திக்கொண்டு, முடிவுக்குச் சற்று முன்னால் வரும் போஜ்ஜோ குன்றின் இறக்கத்தில் மற்றவர்களைப் பிரிந்து வென்றார். ஆனால் போஜ்ஜோ ஆண்டுதோறும் வருகிற இறக்கம். புதிய சாலைக்கு வரைபடமும் படங்களும்தான் துணை. அவை வளைவின் வடிவத்தைக் காட்டும். இன்று காலை அங்கே சிதறிய மணலைக் காட்டாது.

கேள்வி: முன்னால் புறப்பட்டவரை எட்டிப் பிடித்துவிட்டால்?

குரல் கொடுங்கள், ஒதுங்குவார். இடம் கிடைக்கும்வரை அவர் உடல் எங்கே தாழ்கிறது என்று கவனித்தால் அடுத்த பள்ளம் முன்னதாகவே தெரிந்துவிடும். மிகவும் ஒட்டிப் போகாதீர்கள். அவர் கிளப்பும் தூசியில் உங்களுக்குப் பாதையே தெரியாது, அவர் தவறான பக்கம் திரும்பினால் நீங்களும் திரும்புவீர்கள். நான் அப்படித் திரும்பி ஒரு திராட்சைத் தோட்டத்தில் போய் நின்றிருக்கிறேன், அவருக்குப் பக்கத்திலேயே.