பச்சை காட்டினால் திறந்துவிடலாமா?

கேள்வி: ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். முன்பின் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் அனுப்பும் ஃபைலைத் திறந்துதான் பிரின்ட் எடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும், வைரஸ் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கிறேன். பச்சை காட்டினால் பயமில்லாமல் திறக்கலாமா? லிங்க் வந்தால் எப்படிச் சோதிப்பது?

பதில்: திறப்பதற்கு முன் சோதிக்கிறீர்கள், நல்ல பழக்கம். ஆனால் எல்லா ஃபைலையும் அங்கே ஏற்றுவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். வைரஸ்டோட்டலில் ஏற்றியது சோதனை முடிந்ததும் அழிந்துவிடுவதில்லை. ஆன்டிவைரஸ் நிறுவனங்களோடு அது பகிரப்படுகிறது. பணம் கட்டிய சந்தாதாரர்கள் அதை டவுன்லோடு செய்யவும் முடியும். வைரஸ்களை ஆராய்பவர்களுக்கு அந்த ஏற்பாடு தேவைதான். உங்களிடம் வருவதோ ஆதார், பட்டா, மெடிக்கல் ரிப்போர்ட். உங்களை நம்பிக் கொடுத்தவருடைய ஆவணம் அங்கே போகக்கூடாது. அவற்றைச் சோதிக்க விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸையே பயன்படுத்துங்கள். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் ஸ்கேன் வசதி இருக்கும்.

வைரஸ்டோட்டல் நன்றாக உதவுவது சாஃப்ட்வேர், பிரின்டர் டிரைவர் போன்றவற்றுக்கு. இவற்றுக்கும் முழு ஃபைலை ஏற்ற வேண்டியதில்லை. விண்டோஸில் கட்டளைகளை அடிக்க உதவும் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹாஷ் (Get-FileHash) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஃபைலை அந்த விண்டோவுக்குள் இழுத்துப் போட்டு என்டர் தட்டுங்கள். 64 எழுத்துகள் கொண்ட ஒரு ஹாஷ் வரும். ஒரு எழுத்து மாறினாலும் ஃபைலின் ஹாஷ் மொத்தமாக மாறிவிடும். அதனால் அதை அந்த ஃபைலின் கைரேகை என்றே சொல்லலாம். அதை வைரஸ்டோட்டலின் தேடல் பெட்டியில் ஒட்டினால், யாராவது முன்பே சோதித்திருந்தால் முடிவு வந்துவிடும்.

சரி, பச்சைக்கு வருவோம். சுமார் 70 ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் கேட்டுச் சொல்கிறது அந்தத் தளம். நேற்று ராத்திரி எழுதிய வைரஸ் அந்த 70-க்கும் தெரியாமல் இருக்கலாம். பச்சை என்றால் ‘இதுவரை யாரும் பிடிக்கவில்லை’ என்றுதான் பொருள். விவரங்கள் பகுதியில் அந்த ஃபைல் முதன்முதலில் எப்போது அங்கே வந்தது என்ற தேதி இருக்கும். பல வருடப் பழைய டிரைவர் என்று சொல்லப்படும் ஃபைல் இன்றைக்குத்தான் முதல்முறை வந்திருக்கிறது என்றால், பச்சையாக இருந்தாலும் தொடாதீர்கள். 70-இல் பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அப்போது தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே மறுபடி இறக்கிக்கொள்வது நல்லது.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஃபைல் பெயரின் வால், அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள். விண்டோஸ் அதைப் பொதுவாக மறைத்தே வைத்திருக்கும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தையே ஆட்டிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இதை வைத்துத்தான் ஏமாற்றியது: டிஎக்ஸ்டி என்று முடிவதுபோலத் தெரிந்த கடிதத்தின் உண்மையான வால் விபிஎஸ். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ, ஷோ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். பிரின்ட் கேட்பவர் பிடிஎஃப், ஜேபிஜி, வேர்டு, கோரல் ஃபைல் அனுப்புவார். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே, ஏபிகே அனுப்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஸ்கேன்கூட வேண்டாம், அழித்துவிடுங்கள். வேர்டு ஃபைல் ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலுக்குள் ஸ்கேனரால் பார்க்க முடியாது; பாஸ்வேர்டு இல்லாமல் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைலான ஏபிகே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் டிராஃபிக் அபராத ரசீது என்ற பெயரிலும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான். இன்ஸ்டால் செய்தால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும். தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் நம்ப வேண்டாம், அவருடைய வாட்ஸ்அப்பே பறிபோயிருக்கலாம்.

லிங்க்கில் பார்க்க வேண்டியது, எச்டிடிபிஎஸ்-ஐ அடுத்த இரட்டைக் கோடுகளுக்கு அப்புறம் வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பெயர். முன்பகுதியில் வங்கிப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முடியும் இடம்தான் உண்மையான முகவரி. நம் வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது, அதனால் வங்கி லிங்க்கைச் சரிபார்ப்பது இப்போது சுலபம். பிட்லி சுருக்க லிங்க் என்றால் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்துத் திறங்கள். எங்கே போகிறது என்று முதலில் காட்டும். வைரஸ்டோட்டலில் லிங்க்கையும் சோதிக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் அனுப்பும் கூகுள் டிரைவ் லிங்க்கை அங்கே ஒட்டாதீர்கள், அதைப் பார்ப்பவர்கள் ஆவணத்தையே திறந்துவிடலாம். 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஸ்கேன் செய்ய முடியவில்லை என்று டிரைவ் சொன்னால் பயப்பட வேண்டாம். அளவு பெரிது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. இறக்கியபின் டிஃபெண்டரில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் ஃபைல் திறக்கும் கம்ப்யூட்டரில் உங்கள் வங்கிக் கணக்கையோ சொந்த மெயிலையோ திறக்காதீர்கள். தவறிப்போய் எதையாவது ஓட்டிவிட்டால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் புகார் போனால்தான் அதை நிறுத்திவைக்க முடியும்.