ப்ளேஸ்டேஷனை விற்றுவிட வேண்டுமா?

வணக்கம். முப்பத்தைந்து வயதாகிவிட்டது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, இரவு ஒரு மணி வரை ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டை ஆடுவதால் காலையில் எழ முடியவில்லை, ப்ளேஸ்டேஷன் 5-ஐ விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதுக்காக விட வேண்டிய பொழுதுபோக்கு இதுவல்ல. அறுபது வயதில் சீட்டாடுபவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 நோய் வகைப்பாடுகூட விளையாட்டுக் கோளாறுக்கு ஆடும் மணிநேரத்தை அளவுகோலாக வைக்கவில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, குடும்பத்தையோ வேலையையோ கணிசமாகக் குலைத்தால்தான் அதைக் கோளாறு என்கிறது. உங்கள் கடிதத்தில் தூக்கக் குறைவைத் தவிர வேறெதுவும் எனக்குத் தென்படவில்லை.

தூக்கம் குறையக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த ஆட்டம். பிறருடன் இணையத்தில் ஆடும்போது பாதியில் நிறுத்த முடியாது. சீசன் எனப்படும் குறிப்பிட்ட காலம் முடிவதற்குள் பேட்டில் பாஸ் என்ற பரிசுத் திட்டத்தின் நிலைகளைக் கடக்க வேண்டுமே என்ற பரபரப்பு வேறு. ஃபோர்ட்நைட்டை நீக்கிவிட்டு, தனியாளாக ஆடும் கதை விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழுதால் அந்த நொடியே நிறுத்திவிட்டு எழலாம். கருவியை முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோட் என்ற உறக்க நிலையில் வைத்தால் பெரும்பாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு மாதம் கழித்தும் தூக்கம் சரியாகாவிட்டால் அப்போது தாராளமாக விற்றுவிடுங்கள்.