வயதானவர்கள் கீழே விழாமல் இருக்க உடற்பயிற்சி உதவுமா? தினமும் நடந்தால் போதாதா?

அம்மாவுக்கு 74 வயது, ஒரு வருடத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார், காலையில் அரை மணி நேரம் நடக்கிறார், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. நடப்பது சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் விழாமல் இருப்பதற்கு நடை மட்டும் மருந்து இல்லை. எங்கள் அத்தை தினமும் கோயிலைச் சுற்றி நடந்தவர்தான். அவரும் விழுந்தார்.

அத்தை என்றால் என் மாமியார். அப்போது அவருக்கு 76 வயது. ஊர் கல்லிடைக்குறிச்சி. பழைய வீடு. தார்சா, பட்டாசல் (கூடம்), அடுக்களை, அங்கணம் (குளிக்க, பாத்திரம் கழுவ உள்ள இடம்) என்று ரயில் பெட்டி மாதிரி பின்னால் நீண்டுகொண்டே போகும். ஒரு வெள்ளிக்கிழமை அங்கணத்தில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார். சீயக்காய் கண்ணில் இறங்காமல் இருக்கக் கண்ணை இறுக்கி மூடியபடி அடுத்த சொம்புக்குத் திரும்பியிருக்கிறார். அடுக்களையில் இருந்த எனக்கு அண்டா உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது. வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

போன இடத்தில் மாவுக்கட்டு போட்டு, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து, "வயசானா அப்படித்தான், பாத்து நடங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் "பாத்து நடங்க" எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அத்தைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். எங்களுக்கு அவரைவிடப் பயம். தண்ணீர் வேண்டுமா, நான் எடுத்துத் தருகிறேன். பூப்பறிக்க வேண்டுமா, பிள்ளை போய்ப் பறிப்பான். பட்டாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே டிவி. பாசம் என்று நினைத்துச் செய்தோம். மூன்று மாதத்தில் தொடை இரண்டும் வாடிய வாழைத்தண்டு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது முறை விழுந்தபோது சோப்பு இல்லை, ஈரம் இல்லை, நல்ல பகல் வெளிச்சம். பால்காரர் கூப்பிட்டார் என்று நாற்காலியிலிருந்து எழுந்து திரும்பினார், விழுந்தார். நல்ல வேளையாக எலும்பு தப்பித்தது. வழுக்கிதான் விழுகிறார்கள் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன்.

அப்புறம்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பிசியோதெரபி தம்பியை வீட்டுக்கு வரவழைத்தோம். வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைப்பிடி இல்லாத பழைய மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். கையை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 75இலிருந்து 79 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு 10க்குக் கீழே வந்தால் கால் பலம் குறைவு என்று கணக்கு. கையை ஊன்றி எழுந்தால் அந்தச் சோதனைக்கே பூஜ்யம். அத்தையால் ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை.

"சைபரா? எட்டாங் கிளாஸுல கணக்குல நூத்துக்கு நூறு வாங்குனவளாக்கும் நான்" என்றார். முகம் சிவந்துவிட்டது.

அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடி, அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். அத்தைக்கு 21 வினாடி ஆனது. அதில் பாதி நேரம் திரும்புவதற்கே போனது. இந்த இரண்டையும் உங்கள் அம்மாவுக்கு நீங்களே போனில் நேரம் பார்த்துச் செய்யலாம். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தம்பி சொன்னதில் என் மனதில் தங்கியது அங்கணத்துக் கதைக்கு அவர் தந்த விளக்கம். நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது: கண், உள்காது, பாதம். அத்தைக்கு 14 வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டபோது பத்தில் நாலு இடத்தில் தெரியவில்லை. "பாதம் ஏற்கெனவே பாதி மரத்துப் போச்சு ஆச்சி. நீங்க கண்ணையும் மூடிட்டீங்க. மிச்சம் காது ஒண்ணுதான். அதுவும் தலையைத் திருப்பும்போது தடுமாறும்" என்றார். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அண்டா மேல தப்பில்ல" என்றார்.

கால் பலம் வேறு. நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பு சாயாமல் பிடிப்பது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசைதான் கால் விரல்களை மேலே தூக்கும். அது தளர்ந்தால் நிலைப்படியில் விரல் தட்டும். எழுந்திருக்கத் தொடை வேண்டும். சமதரையில் மெதுவாக நடப்பது இவற்றில் எதையும் பெரிதாகச் சோதிப்பதில்லை. இன்னொன்று: 1990களில் இங்கிலாந்தில் கை எலும்பு முறிந்து தேறிய பெண்களை வேகமாக நடக்கச் சொல்லி ஒரு ஆய்வு செய்தார்கள். நடந்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். அத்தையும் கை முறிந்தவர் என்பதால் இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எது உதவும் என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 108 ஆய்வுகளை, 23,000 பேருக்கு மேற்பட்டவர்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி விழுவதைச் சுமார் 23 சதவீதம் குறைக்கிறது. சமநிலைப் பயிற்சியோடு பலப் பயிற்சியும் சேர்ந்தால் 34 சதவீதம் வரை போகிறது. நடை மட்டும் என்றால் பலன் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சீனர்களின் தாய் சி பயிற்சியும் பலன் தருகிறது, ஆனால் கல்லிடைக்குறிச்சியில் அதற்கு வாத்தியார் தேடி நான் எங்கே போக.

எங்களுக்குக் கிடைத்தது ஒடாகோ திட்டம். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. 1997இல் வெளியான அதன் முதல் சோதனையில் இருந்தவர்கள் எல்லோரும் 80 வயதைத் தொட்ட, தாண்டிய பெண்கள். இதைச் சொன்னதும் அத்தைக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், வீட்டிலேயே. அது போக வாரம் இரண்டு நாளாவது நடை. கணுக்காலில் எடை கட்டி முழங்காலை நீட்டுவது, மடக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. குதிகாலைத் தூக்கி விரலில் நிற்பது, விரலைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. ஒரு பாதத்தின் விரலை மற்றப் பாதத்தின் குதிகால் தொட, கோடு போட்ட மாதிரி நிற்பது. பின்னோக்கி நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, எட்டு போட்டு நடப்பது.

எடைப் பைக்குக் கடை தேடவில்லை. பழைய மஞ்சள் பையைக் கிழித்து நீளமாகத் தைத்து, மணல் நிரப்பினேன். (தாமிரபரணியில் அள்ளியதல்ல, பக்கத்து வீட்டு மாடி வேலைக்கு இறக்கியிருந்ததில் இரண்டு கை கேட்டு வாங்கியது.) மளிகைக்கடை அண்ணாச்சி தராசில் அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தார். "யாருக்கும்மா இது, பாப்பாவுக்கு விளையாடவா?" என்று வேறு கேட்டார்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். அடுக்களை மேடையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு செய்தால் அது பலப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி ஆகாது. இரண்டு கையிலிருந்து ஒரு கைக்கு, ஒரு கையிலிருந்து ஒரு விரலுக்கு, பிறகு தொடாமல் மேடைக்கு மேலே கையை வைத்துக்கொள்வதற்கு வர வேண்டும். "கொஞ்சம் ஆடணும் ஆச்சி. ஆடி ஆடித்தான் உடம்பு படிக்கும்" என்பார் தம்பி. பிடிப்பதற்கு ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். சுவர் மூலையில் முதுகைக் காட்டி நிற்க வைத்து, முன்னால் ஒரு நாற்காலி போட்டால் பயமே வேண்டாம்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்றால், இல்லை. பதினைந்து நாளில் அத்தை நிறுத்திவிட்டார். "ஏளா, நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, காலைத் தூக்கு கையைத் தூக்குன்னுட்டு? நாலு பேரு பாத்தா சிரிப்பாவ." மணல் பை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நானும் கொஞ்ச நாள் விட்டுவிட்டேன். மருமகள் எவ்வளவுதான் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் தம்பிதான் வேறு வழி சொன்னார். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய, ஏற்கெனவே விழுந்து எழுந்த 317 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2012இல் வெளிவந்தது. தனியாகப் பயிற்சி நேரம் என்று வைக்காமல், செய்கிற வீட்டு வேலைக்குள்ளேயே பயிற்சியை நுழைத்தார்கள். விழுவது 31 சதவீதம் குறைந்தது. அத்தைக்கு இதுதான் ஒத்துவந்தது. பால் பொங்குகிற வரைக்கும் குதிகாலைத் தூக்கித் தூக்கி நிற்பார். இட்லி வேகிற நேரத்தில் மேடையைத் தொட்டபடி ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்து நிற்பார். புளி, பருப்பு டப்பாக்களைக் கீழ்த்தட்டில் மாற்றி வைத்தேன், முழங்காலை மடக்கி எடுக்கட்டும் என்று. முதல் நாள் என்னை ஒரு பார்வை பார்த்தார், அதை விடுங்கள். பட்டாசலிலிருந்து அடுக்களைக்குப் பக்கவாட்டில் நடந்து வருவார். சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. நம் சீரியலில் விளம்பரத்துக்கா பஞ்சம்? ஒரு மாதத்தில் மணல் பையையும் தானே இழுத்து எடுத்துக் கட்டிக்கொண்டார், நான் பார்க்காதபோது.

ஆறு வாரத்தில் கை ஊன்றாமல் 4 முறை. ஆறு மாதத்தில் 9. நடந்து திரும்பும் நேரம் 14 வினாடிக்கு வந்தது. நடுவில் சிக்குன்குனியா வந்து மூன்று வாரம் படுத்ததில் மறுபடி 5க்கு இறங்கி, திரும்ப ஏறினார். விட்டால் போய்விடும். வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரமாவது சேர்ந்தால் பலன் கூடுதல் என்கிறார்கள். அடுக்களையில் துண்டு துண்டாகச் சேர்த்தால் அது பெரிய கணக்கில்லை.

இதைச் சொன்னால் தெருவில் ஒருவர் தவறாமல், "அந்தக் காலத்துல அம்மி, உரல், ஆத்துல குளி, யாரு விழுந்தா?" என்பார். பாதி சரி. தரையில் உட்கார்ந்து எழுவதும் குடத்தோடு படி ஏறுவதும் பயிற்சிதான். ஆனால் அந்தக் காலத்தில் இடுப்பு முறிந்து புறவாசல் அறையில் படுத்தபடியே போய்ச் சேர்ந்த ஆச்சிகளை யார் எண்ணி வைத்தார்கள்? என் கணவரின் பெரிய ஆச்சி அப்படித்தான் போனார்.

பயிற்சி தொடங்கும் முன் டாக்டரிடம் சில விஷயங்கள் கேளுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையை மாற்ற வேண்டி வரலாம். தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கண்ணில் புரை இருக்கிறதா, சர்க்கரை தாழ்கிறதா. மயக்கம் போட்டு விழுந்தார் என்றால் அது வேறு கதை, முதலில் அதைப் பார்க்க வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். அங்கணத்தில் நாங்கள் ஒரு முக்காலியும் சுவரில் ஒரு கம்பியும் போட்டோம், ராத்திரிக்கு ஒரு சின்ன பல்பு. பிசியோதெரபிக்குக் காசு செலவழிக்க முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

உங்கள் அம்மாவின் காலை நடையை நிறுத்த வேண்டாம். அதோடு இதையும் சேருங்கள். விழுந்தவர் என்று உட்கார மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அத்தைக்கு இப்போது 79. போன மழைக்காலத்தில் நிலைப்படியில் ஒரு தடவை தட்டியது. சட்டென்று ஒரு எட்டு எடுத்து வைத்து நின்றுவிட்டார், விழவில்லை. இடது காலில் மட்டும் இன்னும் ஆறு வினாடிக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறார். ஆடி அமாவாசைக்கு ஆற்றுக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். தண்ணீர் நல்ல இழுப்பு. முங்கக் கூடாது என்று சொல்லி, படித்துறையில் மேல்படியில் உட்கார வைத்து, சொம்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். தலையில் ஊற்றிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணைத் தெறந்துக்கிட்டுத்தான் ஊத்துதேன். போதுமாட்டி?" என்றார்.