நாலு படி அரிசி

அன்புள்ள அம்மா,

மூன்று வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன். வரும் மே மாதம் நாங்கள் நான்கு குடும்பங்கள், குழந்தைகளோடு சேர்த்துப் பதினேழு பேர், கொடைக்கானல் போகிறோம். மேல்மலைப் பக்கம் பூம்பாறை, மன்னவனூர் வரை போய் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். போகிற ஊரைக் கெடுக்காமல், முடிந்தால் அந்த ஊருக்குக் கொஞ்சம் நல்லது செய்துவிட்டு வர ஆசை. ஒரே வேனில் போகிறோம். கடைகளில் பொட்டலம் வாங்கிக் குப்பை போட வேண்டாம் என்பதற்காகச் சமையலுக்கு ஓர் ஆளையும் அரிசி, பருப்பு, கேஸ் அடுப்பையும் கூடவே கொண்டுபோகிறோம். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நோட்டு, பென்சில், நல்ல நிலையில் இருக்கிற பழைய துணிகள் சேர்த்து வைத்திருக்கிறோம். வண்டி விடுகிற புகைக்கு ஈடாக அங்கேயே மரக்கன்று நடலாமா? 'எக்கோ ரிசார்ட்' என்று போட்டிருப்பதை நம்பலாமா? இல்லை, போகாமல் இருப்பதுதான் அந்த மலைக்குச் செய்கிற நல்லதா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. ஊர் சுற்றப் போகிறவர்களில் எத்தனை பேர் இவ்வளவு யோசிக்கிறார்கள்? இரண்டாவது தடவை படிக்கும்போது 'சமையலுக்கு ஓர் ஆள்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். போன மாதம் வத்தலக்குண்டிலிருந்து மலையேறும்போது ஒன்று பார்த்தேன், அதிலிருந்தே எனக்கு இந்த நினைப்புத்தான். ரோட்டோரம் ஒரு வேன் நிற்கிறது, பக்கத்தில் இரண்டு கேஸ் அடுப்பு, பெரிய அண்டாவில் சாம்பார் கொதிக்கிறது, பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். எதிர்ப்பக்கம் இருபதடி தூரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. 'சாப்பாடு தயார்' என்று சாக்பீஸில் எழுதிய பலகை வாசலில் இருக்கிறது, உள்ளே ஒருவரும் இல்லை. கடைக்காரர் வாசலில் நின்று அந்த அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன்.

புகைக் கணக்கை விடுங்கள். பதினேழு பேர் நாலு காரில் போகாமல் ஒரே வேனில் போகிறீர்கள், அதுவே பெரிய விஷயம். ஆனால் மரம் நடுகிறேன் என்று மட்டும் அந்த மலைக்குக் கிளம்பாதீர்கள். பழனி மலையின் மேல்தட்டில் இருந்தது சோலைக்காடும் புல்வெளியும். வெறும் புல்தானே கிடக்கிறது என்று நினைத்து அதில் வாட்டில் என்கிற சீகை மரத்தையும் பைனையும் தைல மரத்தையும் நட்டார்கள். அந்தச் சீகை இன்றைக்கு விதை விழுந்த இடமெல்லாம் முளைத்துப் புல்லை மூடிக்கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிற வேலையைச் செய்தது அந்தப் புல்தான். கன்று நட ஆசை இருந்தால் திருப்பூரில் உங்கள் தெருவில் நட்டு, மூன்று வருடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரிசார்ட்டின் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாம். போன் பண்ணி இரண்டே கேள்வி கேளுங்கள்: உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது? பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே கூடாது, கொண்டுபோனால் பாட்டிலுக்கு இருபது ரூபாய் பசுமை வரி என்று வைத்திருக்கிறார்கள். எவர்சில்வர் பாட்டில் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. குரங்குக்கு எதுவும் போடாதீர்கள், பிள்ளைகள் அழுதாலும் போடாதீர்கள். கொண்டைஊசி வளைவில் வேனிலிருந்து விழுகிற பிஸ்கட்டுக்காகக் காத்திருந்து பழகிய குரங்குதான் அடுத்த வண்டியில் அடிபடுகிறது.

இ-பாஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அதற்கு எத்தனை பேர் முணுமுணுத்தார்கள் தெரியுமா! மேல்மலைக்காரர்கள் எந்த வேலைக்கும் கொடைக்கானல் டவுனைத் தாண்டித்தான் கீழே இறங்க வேண்டும். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிப் போகிற வண்டியும், வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணும் சீசன் வண்டிகளின் நெரிசலில்தான் நிற்க வேண்டும். அதனால் போகலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், போங்கள், மே மாதத்தில் போகாதீர்கள். காலாண்டுப் பரீட்சை லீவில் போனால் பிள்ளைகளுக்குக் குளிரும் கிடைக்கும், ஊர்க்காரர்கள் உங்களிடம் நின்று பேசவும் நேரம் இருக்கும்.

இப்போது சமையல்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1992-லிருந்து மூன்று வருடம் மேல்மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரே ஓர் அக்கா வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். முன்பக்கத் திண்ணையை அடைத்து அக்கா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். இரண்டு பெஞ்சுதான். பஸ் டிரைவர், கண்டக்டர், காட்டு வேலைக்குப் போகிறவர்கள், நான் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டால் அதிகம். அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் மலைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கும், புகை பட்டுப் பட்டுத் தோல் பழுப்பேறியிருக்கும். குழம்பு கொதிக்கும்போது அக்கா நிமிர்ந்து பார்க்காமலே கையை மேலே நீட்டி ஒரு பூண்டைத் திருகி எடுப்பார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கைதான் கண்ணுக்குள் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவிடம், "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஆளுக முப்பது பேர் வேன்ல வர்றாங்கக்கா" என்று சொன்னேன். சந்தோஷத்தில் சொன்னது, வேறொன்றும் இல்லை. அக்கா, "அப்படியா டீச்சர்" என்றார். அதோடு நான் மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வேன் வந்தது. மதுரையிலிருந்து பெரியப்பா ஒரு சமையல்காரரையும் இரண்டு கையாட்களையும் கூட்டி வந்திருந்தார். அரிசியிலிருந்து அப்பளம் வரை எல்லாம் மதுரையிலிருந்து வந்தது. வெளியில் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது பெரியப்பா கட்சி. பள்ளிக்கூட மைதானத்தில் அடுப்பு மூட்டினார்கள். தண்ணீர் பத்தவில்லை என்றதும் நான் இடுப்பில் ஒரு குடத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அடுக்களையில் கோயில் அண்டா இருந்தது. நாலு படி அரிசி வடித்திருந்தார். பூண்டுக் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், ரசம். சுவரோரம் ஒரு வாழை இலைக்கட்டு. அந்த உயரத்தில் வாழை கிடையாது. சனிக்கிழமை பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடைக்கானலிலிருந்து வரவழைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பரிமாறுவதற்குக் குளித்துத் தலைவாரி வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்து, "எத்தனை மணிக்கு டீச்சர் உக்கார்றாங்க?" என்று கேட்டார்.

நான், "அவங்க சமையல்காரரைக் கூட்டிட்டு வந்திருக்காங்கக்கா" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி, தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு நிறைத்து, வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

நான் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். இரண்டு நிமிடம் நின்று பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் சமையல் பாதியில் நின்றிருக்கும், முப்பது பேரும் இங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். சொல்லவில்லை. எனக்கு வயது இருபத்து நான்கு, பெரியவர்கள் முன்னால் வாய் வரவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது பெரியம்மா மிச்சமிருந்த பாயசத்தை ஒரு தூக்கில் ஊற்றி, ஒரு மூட்டை பழைய சேலையும் சேர்த்து அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியம்மா நல்லவர், மனசாரத்தான் கொடுத்தார். அக்காவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் அந்தத் தெருவே அந்தச் சோற்றைத்தான் தின்றது, மீதி மாட்டுக்குப் போனது. பிரிக்காத இலைக்கட்டு ஒரு வாரம் சுவரோரம் கிடந்து காய்ந்தது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன். சம்பளம் வந்ததும் பணம் கொடுக்கப் போனேன். "சாப்பிடாத சோத்துக்கு எதுக்கு டீச்சர் காசு?" என்றார், கடைசி வரை வாங்கவே இல்லை.

இப்போது உங்கள் வேனை நினைத்துப் பாருங்கள் க. பழைய துணி கொடுக்க மனசு வருகிறது, அவர்கள் கையால் சமைத்த சோற்றைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட மனசு வரவில்லையா? அந்தத் துணி மூட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பென்சிலும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம். சீசன் நேரத்தில் வேன் சத்தம் கேட்டதும் வகுப்பை விட்டு ரோட்டுக்கு ஓடிக் கை நீட்டி நின்ற பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கையை நீட்டப் பழக்கியது உங்களைப் போல நல்ல மனசுக்காரர்கள்தான். பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் தலைமையாசிரியரைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் சேர்த்து வைத்திருப்பது அவர்களுக்குத் தேவையில்லாததாக இருக்கலாம்.

குப்பை குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். குறையாது. காய்கறித் தோலும் வடித்த கஞ்சியும் மிஞ்சின சாம்பாரும் எங்கே போகும்? ரோட்டோரச் சரிவில் கொட்டுவார்கள். ராத்திரி காட்டுமாடும் பன்றியும் அந்த வாசனைக்கு ஊருக்குள் இறங்கும், விடிந்தால் காரட் பாத்தி மிதிபட்டுக் கிடக்கும். எண்ணெய்ப் பாத்திரத்தை ஓடையில் கழுவுவார்கள், அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே குடத்தில் பிடிக்கிறார்கள். ஊர்க் கடையில் சாப்பிட்டால் எச்சில் இலை மாட்டுக்குப் போகும், கஞ்சித் தண்ணீர் தொட்டிக்குப் போகும். அங்கே எதை எங்கே போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பதினேழு பேர், இரண்டு நாள், மூன்று வேளை. நூற்றிரண்டு சாப்பாடு. அந்தக் காசு அரிசிக் கடைக்குப் போகும், பால் ஊற்றுகிற வீட்டுக்குப் போகும், பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்குப் போகும், பூண்டு போட்டவருக்குப் போகும். பக்கத்திலிருக்கிற ஒரு சின்ன ஊருக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்லது என்று கேட்டீர்களே, நூற்றிரண்டு சாப்பாட்டைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. திடுதிப்பென்று பதினேழு பேர் போய் நின்றாலும் கஷ்டம், பாவம், அவர்களிடம் அரிசி இருக்காது. இரண்டு நாள் முன்னால் போன் பண்ணி, இத்தனை பேர், இத்தனை மணிக்கு வருகிறோம், நீங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்களோ அதையே சமையுங்கள் என்று சொல்லுங்கள். முன்பணம் அனுப்புங்கள். பன்னீர் பட்டர் மசாலா கேட்காதீர்கள். சுடுசோறும் பூண்டு ரசமும் எந்தப் பிள்ளையின் வயிற்றையும் கெடுக்காது. திரும்பும்போது பூண்டு வாங்கினால் வீட்டு வாசலில் விற்பவரிடம் வாங்குங்கள், ரிசார்ட் வாடகையை வாய் பேசாமல் கட்டிவிட்டு இந்த ஆளிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.

பேசி வைத்த சமையல்காரரைத் திடீரென்று வேண்டாம் என்று சொல்லி அவர் கூலியையும் கெடுக்க வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேசின கூலியைக் கொடுத்து, இரண்டு நாள் அவரும் உட்கார்ந்து சாப்பிடட்டும். யாராவது அவருக்குப் பரிமாறி எத்தனை நாள் ஆயிற்றோ.

கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு 2019-இல் ஒரு தடவை அந்த ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, மருமகள்தான் கடையைப் பார்க்கிறாள். பெஞ்சு நாலாகியிருக்கிறது, அடுப்பு கேஸுக்கு மாறியிருக்கிறது, பூண்டு தொங்குகிற கழி மட்டும் அப்படியே இருந்தது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "எத்தன பேரு டீச்சர் வந்திருக்கீங்க?" என்றுதான். நான் மட்டும்தான் போயிருந்தேன்.

மருமகள் நம்பர் என்னிடம் இருக்கிறது. தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள், பதினெட்டுப் பேர் என்று சொல்லிவிடுகிறேன்.