மூளை முடக்குவாதம் உள்ள மகளுக்கு நிதி உதவி: நிராகரிப்புக்குப் பிறகு என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 6 வயது. மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பும் உண்டு. அவளைப் பார்த்துக்கொள்வதற்காக என் மனைவி வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் இணைத்தும், 'தேவையின் அளவு போதாது' என்று நிராகரித்துவிட்டார்கள். சேமிப்பு கரைகிறது. இணையத்தில் நன்கொடை கேட்டுப் பார்க்கலாமா? வேறு எங்கே தேடுவது?

பதில்: முதலில் அந்த நிராகரிப்புக் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். எந்த நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் மேல்முறையீட்டுக்குக் கெடு இல்லாத நாடு அபூர்வம். அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. என்ற, வருமானம் குறைந்த ஊனமுற்றோருக்கான மாத உதவித்தொகை மறுக்கப்பட்டால் 60 நாள். இங்கிலாந்தில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான உதவித்தொகையில் மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம். கெடு முடியவில்லை என்றால் புதிதாக விண்ணப்பிக்காதீர்கள், மேல்முறையீடு செய்யுங்கள். வென்றால் பெரும்பாலும் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து கணக்கிட்டுக் கொடுப்பார்கள். புது விண்ணப்பம் போட்டால் நடுவில் போன மாதங்கள் போனதுதான்.

சரி, ஏன் மறுத்தார்கள்? உங்கள் விண்ணப்பத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் 'எல்லா மருத்துவ அறிக்கைகளையும் வைத்தோம்' என்ற வரியைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். அறிக்கைகள் மகளுக்கு என்ன நோய் என்று சொல்லியிருக்கும், அவளை வளர்க்க ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருக்காது. உதவித்தொகையை முடிவு செய்பவருக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான். அதே வயதுள்ள மற்றக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைக்கு எவ்வளவு கூடுதலாகக் கவனிப்பு தேவை என்பதுதான் இங்கிலாந்துச் சட்டத்தின் அளவுகோல். அமெரிக்காவிலும் அன்றாடச் செயல்பாடு எவ்வளவு கடுமையாகக் குறைந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

'குளிக்க உதவி தேவை' என்று எழுதினால், 6 வயதுப் பிள்ளைக்கு யார்தான் உதவவில்லை என்று அதிகாரி கடந்து போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: 'கால் தசை இறுகிவிடுவதால் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். 45 நிமிடம் ஆகிறது. நடுவில் வலிப்பு வரலாம் என்பதால் ஒரு நிமிடம்கூடத் தனியே விட முடியாது.' அதே குளியல்தான், ஆனால் இப்போது அது கூடுதல் தேவை.

இதற்கு ஒரு வாரக் குறிப்பேடு எழுதுங்கள். சாப்பாடு ஊட்ட எவ்வளவு நேரம், எத்தனை முறை துணி மாற்றினீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், எதற்காக, திரும்பப் படுக்க எவ்வளவு நேரம் ஆனது, எல்லாம். இரவை விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் பகல் இரவு இரண்டிலும் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்குத்தான் மிக உயர்ந்த தொகை. பெற்றோர் பெரும்பாலும் விட்டுவிடுவதும் அதைத்தான், ஏனென்றால் பழகிப்போய்விடுகிறது. 'சமாளித்துக்கொள்கிறோம்' என்று சொல்லியே நமக்குப் பழக்கம். விண்ணப்பத்தில் அந்த வார்த்தைக்கு 'உதவி தேவையில்லை' என்றுதான் அர்த்தம். பிள்ளையால் முடியாததை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவது மனதைக் கஷ்டப்படுத்தும், தெரியும். நீங்கள் ஒரு நாள், மனைவி ஒரு நாள் என்று மாற்றி எழுதுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், நல்ல நாளும் மோசமான நாளும் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், மருத்துவரிடம் இன்னொரு நோய்ச் சான்று கேட்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், பள்ளிக்குப் போகிறாள் என்றால் வகுப்பாசிரியர் ஆகியோரிடம், நேரில் கண்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஆசிரியருக்கென்றே தனியாகக் கேள்விப் படிவம் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார். உள்ளூரில் எந்த உதவி எந்த மேசையில் கிடைக்கும் என்று மருத்துவரைவிட அவருக்குத்தான் தெரியும். அவரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களாகக் கேளுங்கள்.

மாதாமாதம் வரும் பணத்தை மட்டும் தேடாதீர்கள். சக்கர நாற்காலி, வீட்டில் சாய்தளம், பயணச் சலுகை, பராமரிப்பவருக்குச் சில மணி நேரம் ஓய்வு தரும் சேவை எல்லாமே பணம்தான். வரிச் சலுகையையும் பாருங்கள். கனடாவில் ஊனமுற்றோர் வரிச் சலுகையை முந்தைய 10 வருடங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம். 'எங்கள் சம்பளம் அதிகம், கிடைக்காது' என்று நீங்களே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். இங்கிலாந்தில் நான் சொன்ன அந்த உதவித்தொகைக்கு வருமான வரம்பே கிடையாது. அமெரிக்காவில் 1981-இல் கேட்டி பெக்கெட் என்ற 3 வயதுச் சிறுமி மருத்துவமனையில் இருந்தவரை அரசு செலவு செய்தது. வீட்டுக்குப் போனால், பராமரிப்புச் செலவு குறைவாக இருந்தும், பெற்றோரின் வருமானத்தைக் காட்டி நிறுத்திவிடும் நிலை. அந்த விஷயம் அதிபர் ரீகன் வரை போய் விதி தளர்ந்தது. அடுத்த வருடமே, வீட்டில் பராமரிக்கப்படும் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் மருத்துவ உதவி தர மாநிலங்களுக்குச் சட்டம் வழிவிட்டது.

நோயின் பெயரே கதவைத் திறக்கும் இடமும் உண்டு. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வரும் சில குறைபாடுகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. அதன் கீழ் உள்ள 'நிராமயா' காப்பீட்டில் சேர மருத்துவப் பரிசோதனை இல்லை, தெரபிச் செலவுக்கும் இடமுண்டு. குறிப்பிட்ட நோய்களுக்கென்றே இயங்கும் அறக்கட்டளைகள், விலை உயர்ந்த மருந்துகளுக்குத் தயாரிப்பு நிறுவனங்கள் நடத்தும் உதவித் திட்டங்கள் ஆகியவையும் இப்படித்தான்.

இணைய நன்கொடையை நான் கடைசியில்தான் வைப்பேன். ஒருமுறைச் செலவுக்கு, ஓர் அறுவை சிகிச்சை, ஒரு நாற்காலி என்றால் சரி. மாதச் செலவை அதை நம்பி ஓட்ட முடியாது. கேட்பதாக இருந்தால் என்ன பொருள், எவ்வளவு என்று குறிப்பாகக் கேளுங்கள். பணம் நேராக மருத்துவமனைக்கோ விற்பவருக்கோ போகும்படி செய்யுங்கள். மகளின் படத்தையும் நோய் விவரத்தையும் எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். அவள் பெரியவளானதும் அதெல்லாம் இணையத்தில் அவள் பெயரோடு இருக்கும். வசூலாகும் பணத்தை மகள் பெயரில் போடுவதற்கு முன்னால் விதிகளையும் பாருங்கள். அமெரிக்காவில் குழந்தை பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருந்தாலே எஸ்.எஸ்.ஐ. நின்றுவிடும். அதனால்தான் அங்கே குழந்தைக்கான பணத்தை வேறொருவர் நிர்வகிக்கும் தனி அறக்கட்டளையோ, ஏபிள் கணக்கு என்ற, இந்த வரம்பிலிருந்து விலக்குப் பெற்ற சேமிப்புக் கணக்கோ வைத்துக்கொள்கிறார்கள். 'உதவி வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவிக்கு. பராமரிப்பாளர் என்ற முறையில் அவருக்கே தனியாக உதவித்தொகை இருக்கிறதா, வேலை பார்க்காத இந்த வருடங்கள் அவருடைய ஓய்வூதியக் கணக்கில் சேருமா என்று விசாரியுங்கள். இங்கிலாந்தில் இரண்டுமே உண்டு. ஆனால் அங்கே குழந்தைக்கு உதவித்தொகை கிடைத்த பிறகுதான், அதுவும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால்தான், பராமரிப்பாளர் தொகை கிடைக்கும். அதனால் மேல்முறையீட்டை முதலில் முடியுங்கள்.