மணிக்கட்டில் அடிபட்டதால் மவுஸ், கீபோர்டு பிடிக்க முடியவில்லை. பிசியை விட்டு கன்சோலுக்கு மாறினால் தொடர்ந்து விளையாட முடியுமா?

முடியும். ஆனால் கன்சோல் வாங்கும் முன் யாரிடமாவது ஒரு கன்ட்ரோலரைக் கடன் வாங்கி, இப்போது உங்களிடம் இருக்கும் பிசியிலேயே சொருகி விளையாடிப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை விண்டோஸ் உடனே ஏற்றுக்கொள்ளும். பிளேஸ்டேஷனின் கன்ட்ரோலரான டூயல்சென்ஸை, பிசியில் விளையாட்டுகளை வாங்கி ஆட உதவும் ஸ்டீம் என்ற மென்பொருள் அடையாளம் கண்டுகொள்ளும். கையில் பிடிக்கப்போவது கன்ட்ரோலரைத்தான். டிவிக்குக் கீழே உட்காரும் பெட்டியால் மணிக்கட்டுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

"மணிக்கட்டில் அடி" என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் வலிக்கிறது, என்ன செய்தால் வலிக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறிவிடும். என் கதையையும் என் சித்தப்பா மகன் கதையையும் சேர்த்துச் சொன்னால் விளங்கும்.

எனக்கு அடிபட்டது வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம். படியில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. உள்ளே இருக்கும் முக்கோணக் குருத்தெலும்பும் அதைச் சுற்றிய தசைநார்களும் கிழிந்திருந்தன. ஸ்கேன் அறிக்கையில் இதை டிஎஃப்சிசி என்று எழுதுவார்கள். கதவுக் குமிழைத் திருகினால் வலி, ஈரத்துணியைப் பிழிந்தால் வலி, ஷூட்டர் விளையாட்டில் மவுஸைச் சடாரென்று வலப்பக்கம் வெட்டி இழுத்தால் உயிர் போகும். கட்டைவிரல் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. கன்ட்ரோலர் எனக்குச் சரிப்பட்டு வந்தது அதனால்தான்.

சித்தப்பா மகனுக்கும் மணிக்கட்டு வலிதான், ஆனால் கட்டைவிரல் பக்கம். கட்டைவிரலை இயக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டோரம் ஓர் உறைக்குள் புகுந்து போகின்றன. அந்த உறை தடித்துப்போய், விரலை அசைக்கும்போதெல்லாம் உரசும். டி குவெர்வைன் என்று அதற்குப் பெயர். நான் கன்ட்ரோலரில் சுகமாக இருப்பதைப் பார்த்து அவனும் மாறினான். வலி குறையவில்லை, கூடியது. ஸ்டிக்கை, அதாவது கன்ட்ரோலரின் மேல் நிற்கும் குட்டிக் குச்சியைச் சுழற்றுவது முழுக்கக் கட்டைவிரல் வேலையாயிற்றே! அவன் திரும்பவும் மவுஸுக்கே போய்விட்டான், இந்த முறை இடது கையால்.

இரண்டு கருவிகளும் கையை எப்படி வேலை வாங்குகின்றன என்று பாருங்கள். மவுஸில் உள்ளங்கை மேசையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும், முன்கை முறுக்கி நிற்கும். மணிக்கட்டு சற்றே மேல்நோக்கி மடங்கும், சுண்டுவிரல் பக்கம் சாயும். கீபோர்டில் இடது கையின் சுண்டுவிரல் ஷிஃப்டுக்கும் கன்ட்ரோலுக்கும் நீண்டு நீண்டு ஓயும். கன்ட்ரோலரில் உள்ளங்கைகள் ஏறக்குறைய எதிரெதிரே பார்ப்பதால் முன்கை முறுக்கம் பெரும்பாலும் போய்விடுகிறது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தாங்கிப் பிடித்தால் போதும். ஆனால் நடப்பது, திரும்புவது, குறி பார்ப்பது, குதிப்பது என்று மற்ற பாரமெல்லாம் இரண்டு கட்டைவிரல்கள் தலையில் வந்து விழும். முன்விளிம்பில் இருக்கும் ட்ரிகர்களை அழுத்துவது ஆள்காட்டி விரல்கள்.

ஆகவே வலி சுண்டுவிரல் பக்கமா, முன்கையைத் திருப்பும்போதா, அப்படியென்றால் கன்ட்ரோலர் கைகொடுக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. கட்டைவிரல் அடியில் வலி என்றால் வேண்டாம், அல்லது கீழே சொல்லும் கைரோ வழியில் போங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போகிறது, இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள் என்றால் அது மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்பல் டனலாக இருக்கலாம். அதற்கு எந்தக் கருவி என்று தேடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நரம்பு நசுங்குவதை விளையாட்டுப் பழக்கத்தை மாற்றிச் சமாளிக்கலாம் என்று நாள் கடத்தக்கூடாது.

ஃபிசியோதெரபிக்குப் போகிறீர்கள் என்றால் கன்ட்ரோலரையும் கையோடு எடுத்துப் போங்கள். வெட்கப்பட வேண்டாம். என் தெரபிஸ்ட் அம்மா, "வீட்டில எப்படிப் பிடிப்பீங்களோ அப்படியே பிடிங்க" என்று சொல்லிவிட்டு, போனில் ஏதாவது விளையாடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் பார்த்தது விரல்களை அல்ல, முழங்கையை. இரண்டு முழங்கைகளும் அந்தரத்தில் தொங்க, கன்ட்ரோலரின் எடையை மணிக்கட்டுகள்தான் தூக்கிக்கொண்டிருந்தன. டூயல்சென்ஸ் ஏறத்தாழ 280 கிராம். கனமே இல்லை என்று தோன்றும். ஆறிக்கொண்டிருக்கும் கைக்கு அதுவும் சுமைதான். மடியில் தலையணை, அதன்மேல் முன்கைகள், மணிக்கட்டு நேராக. இந்த ஒரு மாற்றமே எனக்குப் பாதி வலியைக் குறைத்தது. இன்னொன்றும் சொன்னார்: பெரிய எதிரியோடு மோதும் பாஸ் சண்டை வந்தால் நாம் கன்ட்ரோலரை நசுக்கிப் பிடிக்கிறோம். லோடிங் திரை வரும்போதெல்லாம் பிடியைத் தளர்த்தப் பழகச் சொன்னார்.

அப்புறம் செட்டிங்ஸ். இதற்கு ஒரு மாலை முழுவதும் செலவழியுங்கள், தகும். முதலில் அதிர்வை நிறுத்துங்கள். டூயல்சென்ஸில் ட்ரிகர் எதிர்த்துத் தள்ளும் வித்தை ஒன்று உண்டு, வில்லை இழுத்தால் விரலுக்கு இறுக்கம் தெரியும். அருமையான விஷயம், அடிபட்ட கைக்கு மட்டும் ஆகாது. பிஎஸ்5 செட்டிங்ஸிலேயே அதைக் குறைக்கலாம், முழுவதும் அணைக்கலாம். பட்டன்களை இடம் மாற்றும் வசதி பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் இருக்கிறது. நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு 2020 அப்டேட்டில் வந்தது. விளையாட்டே தராவிட்டாலும் கன்சோல் அளவில் மாற்றிக்கொள்ளலாம்.

நான் முதலில் இடம் மாற்றியது எல்3, அதாவது இடது ஸ்டிக்கைக் கீழே அழுத்தும் பட்டன். இடது ஸ்டிக்கை முன்னால் தள்ளியபடியே கீழேயும் அழுத்தினால் ஓடும் என்று பல விளையாட்டுகளில் வைத்திருப்பார்கள். கட்டைவிரல் ஒரே நேரத்தில் தள்ளவும் வேண்டும், குத்தவும் வேண்டும். கட்டைவிரல் நல்ல நிலையில் இருந்த எனக்கே ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் அடி கடுத்தது. ஓட்டத்தை வேறு பட்டனுக்கு மாற்றுங்கள், அல்லது தானாக ஓடும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அழுத்திப் பிடித்திருக்க வேண்டியவற்றை ஒருமுறை அழுத்தினால் போதும் என்று மாற்றுங்கள். பட்டனைப் படபடவென்று தட்டச் சொல்லும் இடங்களை, அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்ற முடிகிறதா பாருங்கள். ஸ்பைடர்மேன், காட் ஆஃப் வார் போன்றவற்றில் இது உண்டு. 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருக்கின்றன. என்னென்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளவாவது அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி குறி பார்ப்பது. பிசியிலிருந்து வருபவர்கள் எல்லோரும் இங்கேதான் அழுவார்கள். மவுஸை இரண்டு அங்குலம் நகர்த்தினால் பார்வை அதற்கேற்ற தூரம் திரும்பி நின்றுவிடும். ஸ்டிக் அப்படி இல்லை, வண்டியின் ஆக்சிலரேட்டர் போல: எவ்வளவு சாய்க்கிறீர்களோ அவ்வளவு வேகத்தில் திரும்பிக்கொண்டே இருக்கும், நீங்கள் விடும்வரை. மவுஸ் பழக்கத்தில் தள்ளினால் எதிரியைத் தாண்டிப் போய்விடும், திருப்பினால் மறுபக்கம் தாண்டும். பதற்றத்தில் பிடி இறுகும், கை வலிக்கும். சென்சிடிவிட்டியை, அதாவது பார்வை திரும்பும் வேகத்தை, உங்களுக்கே எரிச்சல் வரும் அளவுக்குக் குறைத்து ஆரம்பியுங்கள். வலது ஸ்டிக்கால் ஏறக்குறைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கடைசி நூலிழையை இடது ஸ்டிக்கால், அதாவது பாத்திரத்தைப் பக்கவாட்டில் நகர்த்திச் சரிசெய்யுங்கள். கன்ட்ரோலரிலேயே வளர்ந்தவர்கள் இதை யோசிக்காமல் செய்கிறார்கள். குறி பார்க்க விளையாட்டே கொஞ்சம் உதவும் எய்ம் அசிஸ்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பிசி காலத்தில் அதைக் கேலி செய்திருப்பீர்கள், பரவாயில்லை.

கைரோ என்பது கன்ட்ரோலரையே லேசாகச் சாய்த்துக் குறி பார்ப்பது. டூயல்சென்ஸிலும் ஸ்விட்சின் கன்ட்ரோலரான ஜாய்-கானிலும் இதற்கான சென்சார் உண்டு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோலோடு வரும் கன்ட்ரோலரில் கிடையாது. வாங்கும்போது இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்பிளாட்டூன், செல்டா போன்றவை கைரோவை வைத்தே அமைந்தவை போல இருக்கும். பிசியில் என்றால் ஸ்டீம் வழியாகப் பெரும்பாலான விளையாட்டுகளில் போட்டுக்கொள்ளலாம். வலது கட்டைவிரலுக்கு இது பெரிய ஓய்வு. ஆனால் சாய்ப்பது மணிக்கட்டு. உங்களுக்கு என்னைப் போன்ற காயம் என்றால் கைரோ பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

ஜாய்-கானைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியும் ஐம்பது கிராம் அளவுதான். சோபாவில் சாய்ந்து, கைகளை இரண்டு பக்கமும் தளரப் போட்டுக்கொண்டு விளையாடலாம், நெஞ்சுக்கு முன்னால் கைகளைக் கொண்டுவர வேண்டியதே இல்லை. தோள், முழங்கை வரை வலி ஏறுபவர்களுக்கு இதைவிடச் சுகமான பிடி எனக்குத் தெரிந்து இல்லை. பட்டன்கள் சிறிது, பெரிய கைக்காரர்களுக்குக் குறுகலாக இருக்கும்.

ஒரு கை முழுவதுமாக ஓய்வில் இருக்க வேண்டும் என்றால் அதற்கும் கருவிகள் வந்துவிட்டன. எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018-இல் வந்தது: இரண்டு பெரிய பட்டன்கள், பின்னால் 3.5 மி.மீ. துளைகள் வரிசையாக, வெளிப் பட்டன், காலால் மிதிக்கும் பெடல் என்று எதை வேண்டுமானாலும் சொருகலாம், பிசியிலும் வேலை செய்யும். பிஎஸ்5-க்கான வட்ட வடிவ ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது, மேசைமீது வைத்தே இயக்கலாம். இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஆட்டக்காரர்போல் விளையாடும் வசதி எக்ஸ்பாக்ஸ், பிஎஸ்5 இரண்டிலும் இருக்கிறது; நீங்கள் நடக்க, வீட்டில் வேறு யாராவது சுடலாம். சண்டை வரும், ஆனால் ஆட்டம் நடக்கும். காயம் நீண்டகாலத்துக்கு என்றால் பிரிட்டனின் ஸ்பெஷல்எஃபெக்ட், அமெரிக்காவின் ஏபிள்கேமர்ஸ் என்ற தொண்டு நிறுவனங்கள் எழுதி வைத்திருப்பவற்றைப் படியுங்கள். இந்த விஷயத்திலேயே ஊறியவர்கள்.

பணக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டீமில் வாங்கியவை கன்சோலுக்கு வராது. மைக்ரோசாஃப்ட் கடையில் வாங்கிய சில விளையாட்டுகள் மட்டும் பிசி, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் ஓடும். பால்டர்ஸ் கேட் 3, டயாப்லோ 4 போன்றவற்றில் சேமித்த ஆட்டம் கூடவே வரும், ஆனால் விளையாட்டை மறுபடி வாங்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் விளையாட்டுகளை ஆன்லைனில் ஆட மாதச் சந்தா தனி, ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்குத் தேவையில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பிசியிலேயே கன்ட்ரோலரைச் சொருகி ஆடலாம் என்றால் நான் ஏன் கடைசியில் கன்சோல் வாங்கினேன் என்று கேட்பீர்கள். மேசையில் உட்கார்ந்தால் கை தன்னால் மவுஸுக்குப் போகிறது. லாஞ்சரைத் திறக்க, ஏதோ ஓர் அப்டேட்டுக்குச் சரி சொல்ல, நடுவில் வந்த செய்தியைப் பார்க்க. ஏற்கெனவே பகல் முழுக்க அலுவலக வேலையில் மவுஸ். கை அலுவலகக் கணக்கு, விளையாட்டுக் கணக்கு என்று பிரித்துப் பார்ப்பதில்லை, மொத்தமாகத்தான் வலிக்கிறது. கன்சோலில் ஆன் செய்வதிலிருந்து அணைப்பதுவரை எல்லாமே கன்ட்ரோலர். இது மட்டும்தான் எனக்குக் கிடைத்த லாபம். அலுவலக மவுஸை இடது கைக்கு மாற்றியது அதைவிடப் பெரிய லாபமாக இருந்திருக்கலாம். கன்சோல் வாங்கக் காசு இல்லையென்றால் கன்ட்ரோலராலேயே இயக்கக்கூடிய ஸ்டீமின் பிக் பிக்சர் திரையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிப் போடுங்கள். முக்கால்வாசி பலன் கிடைத்துவிடும்.

எதை இழப்பீர்கள்? நிகழ்நேர வியூக விளையாட்டுகளைக் கன்ட்ரோலரில் ஆடுவது எனக்குத் தண்டனை. முறைவைத்து ஆடுபவை தாராளமாக ஓடும், சிவிலைசேஷன் 6 கன்சோலில் நன்றாகவே இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டசி 14 மாதிரி ஏகப்பட்ட திறன்கள் உள்ள ஆன்லைன் விளையாட்டைக்கூடக் கன்ட்ரோலருக்கென்றே யோசித்து வடிவமைத்திருக்கிறார்கள். தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டத்தில் என் இடம் இறங்கியது, திரும்ப ஏறவில்லை. இப்போது பெரும்பாலும் தனியாள் கதை விளையாட்டுகள்தான், நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டுக் கையை நீட்டி மடக்க முடிகிறது. பாலட்ரோ என்ற சீட்டு விளையாட்டு மாதிரியானவற்றை இன்றும் பிசியில் இடது கை மவுஸால் ஆடுகிறேன், அதற்கு அவசரமே இல்லை.