மதகு திறக்கும் விளையாட்டில் வாளுக்கு என்ன வேலை?

வணக்கம் சார்,

நானும் என் நண்பனும் வேலை முடிந்த இரவுகளில் இரண்டு வருடமாக ஒரு ஸ்ட்ராடஜி கேம் செய்துகொண்டிருக்கிறோம். ஓர் ஏரி, அதை நம்பி ஏழு ஊர்கள். ஒவ்வொரு முறையும் எந்த மதகை எவ்வளவு திறப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் காயும். திறக்காமலே வைத்திருந்தால் அடைமழையில் கரை உடையும். நான்கு மாதம் முன்பு, கணினி விளையாட்டுகளை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் பக்கம் போட்டோம். உள்ளே வருபவர்கள் பிறகு வாங்கலாம் என்று விஷ்லிஸ்ட்டில் சேர்க்கிறார்கள், ஆனால் வருவதே குறைவு. அட்டைப்படத்தை மாற்று என்கிறான் நண்பன். யானை மேல் அரசன், கையில் வாள், பின்னால் ஏரி, கோயில், படை, மழை, மூலையில் ஒரு வரைபடம். மூன்று வாரம் உட்கார்ந்து நானே வரைந்தது. மாற்ற மனசு வரவில்லை. சின்னப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கியிருக்கிறோம். அந்த முத்திரையை அட்டையில் போட்டால் ஆட்கள் வருவார்களா? படத்தை இணைத்திருக்கிறேன்.

பிரபு

அன்புள்ள பிரபு,

யானை அருமையாக வந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவது முழுக்க அந்த யானைக்கு எதிராகத்தான்.

கடிதத்தை வாசித்துவிட்டுப் படத்தைத் திறந்தேன். கடிதத்தில் அரசனே இல்லை. ஏரி, மதகு, ஏழு ஊர் என்று நான்கு வரியில் என்னை விளையாடத் தூண்டிய நீங்கள், படத்தில் வேறு யாருடைய விளையாட்டையோ வரைந்து வைத்திருக்கிறீர்கள். சண்டை தேடி வருபவர் மதகைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். தண்ணீர்ப் பங்கீட்டுக்காகவே ராத்திரி கண்விழிக்கக்கூடிய ஆசாமி ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் வாளைப் பார்த்து, இன்னொரு ராஜா கதை என்று கடந்துபோயிருப்பார்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்டீம் உங்களுக்குக் காட்டும் டிராஃபிக் அறிக்கையில், உங்கள் படம் எத்தனை முறை கண்ணில் பட்டது, அதில் எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள் என்ற இரண்டு கணக்கும் இருக்கும். படம் நிறைய பேருக்குக் காட்டப்பட்டும் வருகை குறைவு என்றால் சந்தேகப்பட வேண்டியது அட்டையைத்தான். காட்டப்படுவதே குறைவு என்றால் அட்டை மேல் பழிபோட்டுப் பயனில்லை, பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

சரி, அட்டைக்கு வருவோம். நீங்கள் இதைப் பெரிய திரையில், முழு அகலத்துக்கு விரித்து வைத்து வரைந்திருப்பீர்கள். வாங்குபவர் அப்படி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. கடையில் தெரியும் அட்டைப்படத்தைத்தான் ஸ்டீம் கேப்சூல் என்கிறது, அதில் பல அளவு உண்டு. சின்ன கேப்சூலை 462×174 பிக்சல் அளவில் ஏற்றுகிறோம். ஸ்டீம் அதைத் தானே சுருக்கி 184×69, அப்புறம் 120×45 பிக்சல் வரை கொண்டுபோகிறது. சாதாரண மானிட்டரில் 120×45 என்பது மூன்று சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் சொச்சம் உயரம். தீப்பெட்டியில் குச்சியை உரசும் பக்கம் இருக்கிறதல்லவா, அதில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது. உங்கள் படத்தை அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். யானை ஒரு கரும்பாறை. வாள் ஒரு கீறல். மூலையிலிருக்கும் வரைபடம் காபி சிந்திய கறை.

தீப்பெட்டி என்றதும் இன்னொன்று. சின்ன வயதில் தீப்பெட்டி லேபிள் சேர்த்தவன் நான். கிளி, பூ, சாவி என்று நடுவில் ஒரே ஒரு பொருள் இருக்கும். பின்னால் தட்டையாக ஒரு நிறம், சுற்றிலும் தடித்த கோடு. கடையின் மேல்தட்டில் அடுக்கியிருந்தாலும் தெருவில் நின்றபடி எது எதென்று சொல்லிவிடலாம். ஓவியப் பள்ளியில் படித்ததைவிட எனக்கு இந்த வேலையில் அதிகம் கைகொடுப்பது அந்த லேபிள்கள்தான்.

அதையும் மறந்துவிட்டு ஒருமுறை மாட்டிக்கொண்டேன். தெரிந்தவர் ஒருவரின் விளையாட்டுக்கு அட்டை வரைந்து கொடுத்தேன். கோட்டை முற்றுகை, இரவு நேரம், பதினான்கு பாத்திரங்கள், ஒவ்வொருவர் முகத்திலும் தீவெட்டி வெளிச்சம். என் திரையில் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. கடையில் ஏறியதும்தான் தெரிந்தது, ஸ்டீமின் பின்னணி கருநீலம், நான் பூசிய வானமும் கருநீலம். படம் எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நடுவில் மட்டும் கிண்டி வைத்த சாம்பார் சாதம் மாதிரி ஏதோ மின்னியது. அன்றிலிருந்து எந்த அட்டையையும் ஸ்டீம் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றில், மற்ற விளையாட்டுகளுக்கு நடுவே ஒட்டிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. நீங்களும் இன்றைக்கே ஒட்டிப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஸ்ட்ராடஜி விளையாட்டுக்கு அட்டை போடுவதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஓடிக் குதிக்கும் விளையாட்டு என்றால் ஓடுகிறவனை வரைந்துவிடலாம். இங்கே விளையாடுபவர் செய்வது யோசிப்பது மட்டும்தான், அதை எப்படி வரைவது? ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மினி மெட்ரோ 2015இல் வந்தது. விளையாட்டே ரயில் தட வரைபடம், அதனால் வண்ணக் கோடுகளையே முகமாக வைத்துக்கொண்டார்கள். 2018இல் வந்த இன்டு தி ப்ரீச் 8×8 கட்டத்தில் நடப்பது, கிட்டத்தட்ட சதுரங்கம். அதன் அட்டையில் கட்டம் இல்லை, கட்டத்தில் நாம் நகர்த்தும் இயந்திர வீரர்கள் பெரிதாக நிற்கிறார்கள். ஒன்றில் பலகை, மற்றதில் காய். உள்ளே போய் எதைத் தொடப்போகிறோமோ அதுதான் இரண்டிலும் வெளியே நிற்கிறது.

உங்கள் விளையாட்டில் கை எங்கே படுகிறது? மதகில். அப்படியானால் மதகை வரையுங்கள். பழைய ஏரிகளில் கரையை ஒட்டித் தண்ணீருக்குள் நிற்குமே, இரண்டு கல்தூண், குறுக்கே கற்பலகைகள். எவ்வளவு சுருக்கினாலும் அடையாளம் தெரியும் உருவம் அது. வேறெந்த விளையாட்டின் அட்டையிலும் நான் பார்த்ததில்லை. தூண்களின் மேல் ஓர் ஆள் குனிந்து அடைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். உங்கள் ஊர்ப்பக்கம் அவரை நீர்க்கட்டி என்பார்களோ மடையர் என்பார்களோ, அவர்தான் இந்த விளையாட்டின் நாயகர்.

ஆனால் ஏரி, தூண், தனியாக ஓர் ஆள் என்று நிறுத்திவிட்டால் அது விருதுப் படத்தின் போஸ்டர் ஆகிவிடும். ஸ்ட்ராடஜி என்று தெரிய இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலாவது, பார்வையை மேலே ஏற்றுங்கள். தரையில் நின்று அரசன் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் கோணத்தைக் கண்டால் ஆட்கள் சண்டை விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள். பனைமர உயரத்திலிருந்து ஊரைச் சாய்வாகப் பார்த்தால் இந்த வகை விளையாடிப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். இரண்டாவது, அந்த ஆள் எடுக்க வேண்டிய முடிவு படத்திலேயே தெரிய வேண்டும். தூணுக்கு இடப்பக்கம் போகும் வாய்க்கால் பச்சை வயலுக்கு, வலப்பக்கம் போவது வெடித்துக் கிடக்கும் செம்மண்ணுக்கு. படம் எவ்வளவு சுருங்கினாலும் பாதி பச்சை, பாதி சிவப்பு, நடுவில் இரண்டு கறுப்புக் கோடு என்பது மிஞ்சும். நீங்கள் போட்டிருக்கும் மழைக்கால நீலத்தை விட்டுவிடுங்கள். கடையின் கருநீலத்தில் எடுப்பாகத் தெரிவது மஞ்சள் வெயில்தான்.

பெயரைப் பற்றியும் பேச வேண்டும். நான்கு சொல், அதில் கூடவே துணைத்தலைப்பு, எல்லாம் ஓலைச்சுவடி மாதிரி மெலிந்த எழுத்தில். 120 பிக்சலில் ஒரே வரியாக இருபது எழுத்து என்றால் எழுத்துக்கு ஆறு பிக்சல்கூடக் கிடைக்காது. தமிழ் எழுத்துக்கு அது பிச்சை. ணவும் னவும் ஒன்றாகிவிடும், மேல்விலங்கும் புள்ளியும் காணாமல் போய்விடும். முக்கியமான ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தில், இரண்டு வரியாக உடைத்தாலும் பரவாயில்லை, பெரிதாகப் போடுங்கள். சின்ன கேப்சூலில் படத்துக்கு இடமே வேண்டாம். பச்சை சிவப்புப் பின்னணி மேல் பெயர் மட்டும் கிட்டத்தட்ட விளிம்பைத் தொடும்படி நிற்கட்டும்.

பரிசு முத்திரை கூடாது. 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் அட்டையில் ஓவியம், விளையாட்டின் பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு இவை தவிர எதுவும் போட அனுமதியில்லை. விருது, மதிப்பெண், தள்ளுபடி அறிவிப்பு எல்லாம் தடை. எனக்கு இந்த விதி பிடிக்கும். அதற்கு முன் சில அட்டைகள் தேர்தல் சுவர் மாதிரி இருந்தன. பரிசு வாங்கிய செய்தியைப் பக்கத்துக்குள் விவரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

புதுப்படத்தை யாரிடம் கொடுத்தாலும், நீங்களே வரைந்தாலும், தூண், ஆள், நிலம், வானம், பெயர் எல்லாம் தனித்தனி லேயரில் இருக்கட்டும். ஒரே படத்தை 1232×706 கிடைமட்டத்துக்கும் 748×896 நெடுக்குக்கும் மாற்றி அடுக்க வேண்டியிருக்கும். வெட்டிச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தால் ஆளின் தலை போய்விடும். வண்ணம் தொடுவதற்கு முன் கறுப்பு வெள்ளையில் ஏழெட்டுச் சின்னப் படங்கள், தீப்பெட்டி அளவிலேயே, கிறுக்கி எனக்கு அனுப்புங்கள். ஃபோனில் எடுத்து அனுப்பினாலும் போதும்.

யானையை அழித்துவிடாதீர்கள். விளையாட்டை வாங்கியவர் தன் லைப்ரரியில் அதைத் திறந்ததும் மேலே அகலமாக ஒரு படம் வரும், 3840×1240. அதில் எழுத்தே இருக்கக் கூடாது. ஓரங்கள் திரைக்குத் திரை வெட்டுப்படும் என்பதால் முக்கியமானதை நடுவில் 860×380க்குள் வைக்கச் சொல்கிறார்கள். கோயில், படை, மழை எல்லாம் இருபுறமும் தாராளமாகப் பரவட்டும், யானை நடுவில் நிற்கட்டும். வாளை மட்டும் எடுத்துவிட்டு அரசன் கையில் ஒரு குடையைக் கொடுத்துப் பாருங்களேன்.

அன்புடன்.